விடாத கட்டைவிரல்

இரவு ஒன்றே முக்கால் மணி. பதினெட்டு கிலோமீட்டர் நீளச் சாலை. வழியில் வீடு இல்லை, கடை இல்லை, ஒரு பெட்ரோல் பங்க் கூட இல்லை. இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்கு நாணல். அந்தச் சாலையின் நடுவே, முன்விளக்கு எரிந்தபடி ஒரு கார் நின்றிருந்தது.

இன்ஜின் சத்தம் இல்லை. காற்று கூட இல்லை. ஆனால் காருக்குள் ஒரு சத்தம் இருந்தது... மெல்லிய விசில் மாதிரி. இழுக்கும்போது ஒரு விசில். விடும்போது ஒரு விசில். ஏழு வயதுக் குழந்தை மூச்சுக்குப் போராடும் சத்தம் அது.

இதை நான் கண்ணால் பார்த்தேன் என்று சொன்னால் பொய். எங்களுக்கெல்லாம் ரவிக்கை தைத்துத் தருகிறாளே என் தோழி, அவளுடைய தம்பிக்கு நடந்தது. ஊசியில் நூல் கோத்துக்கொண்டேதான் சொல்ல ஆரம்பித்தாள். பாதியில் ஊசியைக் கீழே வைத்துவிட்டாள்.

கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். கதவுப் பக்கம் இருப்பவர்களும் உள்ளே வந்துவிடுங்கள், இடம் இருக்கிறது. பயம் வந்தால் பக்கத்தில் இருப்பவர் கையைப் பிடித்துக்கொள்ளலாம். யாரும் கேலி பேச மாட்டோம். பிடித்த கை யாருடையது என்று மட்டும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

சரி.

தோழியின் தம்பி கார் எலக்ட்ரீஷியன். அவனை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. 'பீப்பு' என்றுதான் கூப்பிடுவார்கள். கையில் எப்போதும் ஒரு மீட்டர் இருக்கும். மின்சாரம் போகிற வழி ஒழுங்காக இருக்கிறதா என்று பார்க்கிற கருவி. இரண்டு முனையிலும் கிளிப் மாட்டினால், வழி சேர்ந்திருந்தால் 'பீப்' என்று கத்தும், விட்டிருந்தால் வாயைத் திறக்காது. நாள் முழுக்க அந்தச் சத்தம்தான் அவன் பட்டறையில். தூக்கத்தில் கூட அவன் பீப் பீப் என்றுதான் குறட்டை விடுவான் என்று அவன் மனைவி சொல்லிச் சிரிப்பாளாம்.

பட்டறைக்குப் பின்னாலேயே வீடு. மனைவி, ஒரே பெண் குழந்தை. குழந்தைக்குப் பிறந்ததிலிருந்தே இளைப்பு. குளிர் ஏறினால் நெஞ்சு இறுகிக்கொள்ளும். மருந்து அடிக்கும் சின்னக் குப்பி ஒன்று எப்போதும் தலைமாட்டில் இருக்கும்.

அந்த வாரம் ஒரு டீச்சரின் கார் பட்டறைக்கு வந்திருந்தது. ஸ்டார்ட் பட்டன் போய்விட்டது. இப்போதெல்லாம் சாவியைத் திருகுகிற வேலை இல்லை அல்லவா... சாவி சட்டைப் பையில் கிடந்தால் போதும். பிரேக்கை மிதித்துக்கொண்டு, அந்த வட்டப் பட்டனை ஒரு தட்டு தட்டினால் வண்டி உறுமும். நின்ற இடத்தில் இன்னொரு தட்டு தட்டினால் அணையும். ஓடும்போது தெரியாமல் கை பட்டால் ஒன்றும் ஆகாது. ஆனால் டக், டக், டக் என்று மூன்று முறை சேர்ந்தாற்போல் தட்டினால், ஓடுகிற வண்டியும் அணைந்துவிடும். ஆபத்துக்கு உதவும் என்று வைத்த வசதி.

புதுப் பட்டன் வர பத்து நாளாகும் என்றார்கள். டீச்சருக்கோ மறுநாள் காலையில் வண்டி வேண்டும். பீப்பு காயலான் கடைக்குப் போனான். அடிபட்ட வண்டிகளைப் பிரித்து விற்கிற கடை. கடைக்காரர் ஒரு பழைய டப்பாவுக்குள் கையை விட்டு, அதே மாதிரிப் பட்டன் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். எந்த வண்டியில் கழற்றியது என்று பீப்பு கேட்கவில்லை. அந்தத் தொழிலில் யாரும் கேட்பதில்லை. கேட்டால் பொருளை வாங்க மனசு வராது. அதனால் கேட்பதில்லை.

பட்டறைக்கு வந்து, பட்டனை மேசையில் வைத்து, மீட்டர் கிளிப்புகளை மாட்டினான். எந்தப் பட்டனையும் இருபது முறை அழுத்திப் பார்ப்பது அவன் வழக்கம். இருபது அழுத்து. இருபது பீப். ஒன்று கூட விடவில்லை. திருப்தியாகக் கையைத் துடைத்துக்கொண்டு டீ கிளாஸை எடுத்தான்.

பீப். பீப். பீப்.

திரும்பிப் பார்த்தான். மேசையில் பட்டன் கிடந்தது. பக்கத்தில் யாரும் இல்லை. வாசற்படியில் உட்கார்ந்து குழந்தைக்குத் தலை பின்னிக்கொண்டிருந்த மனைவிதான் கேட்டாள்.

"ஏங்க, நீங்க அதைத் தொடவே இல்லையே?"

"மீட்டர்ல பேட்டரி வீக்கு. அதான் உளறுது."

"அப்பா, மீட்டருக்கு விக்கல்ப்பா. தண்ணி குடுங்க," என்றது குழந்தை.

மூவரும் சிரித்தார்கள். அவன் மீட்டரின் பேட்டரியை மாற்றினான்.

கவனித்தீர்களா? பட்டனை மாற்றியிருக்க வேண்டும்... அவன் மீட்டரின் பேட்டரியை மாற்றினான். பதினைந்து வருடமாகத் தன்னிடம் பொய் சொல்லாத மீட்டரை, அன்றைக்கு ஒரு நாள் அவன் நம்பவில்லை.

பட்டனை டீச்சர் காரில் பொருத்தி ஐந்து முறை ஸ்டார்ட் செய்து பார்த்தான். ஒழுங்காக வேலை செய்தது. வண்டியைப் பூட்டிவிட்டுப் படுத்தான்.

ஒரு மணிக்குக் குழந்தைக்கு இளைப்பு எடுத்தது. தலைமாட்டில் இருந்த குப்பியை எடுத்து வாயில் வைத்து அழுத்தினார்கள். வெறும் காற்று. இன்னொரு முறை. வெறும் காற்று. புதுக் குப்பி வாங்க வேண்டும் என்று அவன் நினைத்துக்கொண்டே இருந்து மறந்து போயிருந்தான். ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தான். வண்டி வெளியே போயிருக்கிறது, வர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்றார்கள். குழந்தையின் கழுத்துக் குழி மூச்சுக்கு மூச்சு உள்ளே போய் வந்தது. உதடு வெளுத்திருந்தது.

"டீச்சர் வண்டி நிக்குதுல்ல," என்றாள் மனைவி.

அடுத்தவர் வண்டியை அனுமதி இல்லாமல் அவன் ஒரு தெரு தாண்டி ஓட்டியதில்லை. அன்று யோசிக்கவில்லை. மனைவி பின்சீட்டில் ஏறி, குழந்தையை நிமிர்த்தி மார்போடு சாய்த்துக்கொண்டாள். அவன் பட்டனைத் தட்டினான். வண்டி கிளம்பியது.

ஆறு கிலோமீட்டர் ஒரு குறையும் இல்லை. நாணல் காடு ஆரம்பித்த இடத்தில்... மனைவி மூக்கை உறிஞ்சினாள்.

"தைலம் தேச்சீங்களா?"

"இல்லையே."

"வண்டி பூரா தைல வாசம் அடிக்குதே. வலிக்குத் தேய்ப்பாங்களே, அந்தத் தைலம்."

அவனுக்கும் அடித்தது. தைலத்துக்குப் பின்னால் இன்னொரு வாசம். சூடேறிய இரும்பு வாசம். கண்ணாடியை இறக்கலாம் என்று நினைத்தான்.

டக். டக். டக்.

இன்ஜின் அணைந்தது. ஸ்டியரிங் கல் மாதிரி இறுகியது. வண்டி தானாக உருண்டு, உருண்டு... நின்றது.

அவனுடைய இரண்டு கைகளும் ஸ்டியரிங்கிலேயே இருந்தன. பட்டனைத் தொடவே இல்லை.

பிரேக்கை மிதித்தான். பட்டனைத் தட்டினான். வண்டி உறுமியது. அப்பாடா என்று மூச்சு விடுவதற்குள்... டக். அணைந்தது. மறுபடி தட்டினான். உறுமியது. டக். அணைந்தது. ஏழு முறை. எட்டு முறை. அவன் தட்டுவான், உயிர் வரும். ஒரு நொடி. டக். உயிர் போகும்.

பின்சீட்டில் விசில் சத்தம் நீண்டுகொண்டே போனது.

"என்னங்க... இவ கை ஜில்லுன்னு ஆகுது."

"ரெண்டே நிமிஷம்மா. பட்டன்ல கோளாறு. கழட்டிட்டு நேரா கம்பியைச் சேர்த்து விட்டுர்றேன்."

இது அவன் தொழில். கண்ணை மூடிக்கொண்டு செய்வான். செல்போன் டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு, ஸ்க்ரூ டிரைவரால் பட்டனை நெம்பி வெளியே எடுத்தான். பின்னால் மாட்டியிருந்த கம்பிகளைப் பிடுங்கினான். இப்போது பட்டன் தனியாக அவன் உள்ளங்கையில் இருந்தது. அதற்கும் வண்டிக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. பிரேக்கை மிதித்து, பிடுங்கிய கம்பிகளின் முனைகளை மனைவியின் கொண்டை ஊசியால் ஒரு கணம் இணைத்தான். வண்டி உறுமியது.

"சாமி..." என்றாள் மனைவி.

அவன் உள்ளங்கையில் இருந்த பட்டன்... அமுங்கியது.

டக்.

வண்டி அணைந்தது.

கம்பி இல்லாத பட்டன், என் கண்ணுங்களா. எதிலும் சேராத பட்டன். அவன் கையிலேயே அமுங்கி எழுந்தது. யாரோ கட்டைவிரலை வைத்து அழுத்துகிற மாதிரி, அந்த அழுத்தம் அவன் உள்ளங்கை எலும்பு வரை இறங்கியது. அவன் கையை உதறினான். பட்டன் காலடியில் விழுந்தது. இருட்டில், கால் மிதியின் மேல் கிடந்துகொண்டு... டக். டக். டக். நிற்கவே இல்லை. வெறி பிடித்த மாதிரி.

அவன் ஸ்பீக்கரைப் போட்டுக் காயலான் கடைக்காரருக்குப் போன் செய்தான். எட்டாவது முறை மணி அடித்தபோது எடுத்தார்.

"டேய் பீப்பு, மணி என்னன்னு தெரியுமா? வீட்ல கடிகாரமே இல்லையாடா உனக்கு?"

"அண்ணே, அந்தப் பட்டன் எந்த வண்டியில கழட்டினது?"

"பட்டனா? ஒரு பட்டனுக்காடா என்னைய எழுப்பின? காலையில வா, வேற..." சட்டென்று நிறுத்தினார். பிறகு குரல் தணிந்து வந்தது. "ஏன்டா... தானா அமுங்குதா?"

பீப்பு திரும்பி மனைவியைப் பார்த்தான்.

"உங்களுக்குத் தெரியுமா?"

"முன்னாடி ஒருத்தன் வாங்கிட்டுப் போய்த் திருப்பிக் கொடுத்துட்டான்டா. அவன் சொன்னதை நான் நம்பலை. நீ விவரமானவன், உன்கிட்ட குடுத்தா சரியாயிடும்னு..."

"அண்ணே, எம் பொண்ணு மூச்சு விட முடியாம கெடக்கா. நடு ரோட்ல நிக்கிறேன். சொல்லுங்க."

சொன்னார். ஒரு ஆள் தன் அக்காவைக் காரில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனானாம். அந்த அக்காவுக்குக் காலிரண்டும் நடக்க வராது. கனத்த உடம்பு. ராத்திரியில் நெஞ்சு வலி வந்திருக்கிறது. கேட்கீப்பர் இல்லாத ரயில் கிராசிங்கில் தண்டவாளத்தின் மேலேயே வண்டி நின்றுவிட்டது. ரயில் ஹார்ன் அடித்துக்கொண்டே வந்தது. அக்கம்பக்கத்தில் இருந்தவர்கள் கத்தினார்கள், குதிச்சிரு, குதிச்சிரு என்று. அவன் குதிக்கவில்லை. அக்காவைத் தூக்க நேரமும் இல்லை. பட்டனைத் தட்டிக்கொண்டே இருந்தான்.

"பின்னாடி பாதி மொத்தமும் போச்சுடா. முன்னாடி பாதியில ஒரு கீறல் இல்லை. அவன் மேலயும் கீறல் இல்லையாம். உயிர் மட்டும் இல்லை. அந்தக் கட்டைவிரலைப் பட்டன்லேர்ந்து எடுக்க ரெண்டு ஆள் வேண்டியிருந்துச்சாம்... டேய், அதைத் தூக்கி வீசிட்டுக் குழந்தையோட ஓடுடா. என்னைய மன்னிச்சிரு."

போன் கட்டானது.

தூக்கி வீசினான். கால் மிதியிலிருந்து பட்டனை எடுத்து, பலம் கொண்ட மட்டும் நாணலுக்குள் வீசினான். ஓடி வந்து ஏறினான். கொண்டை ஊசியால் கம்பிகளை இணைத்தான். உறுமியது. ஒன்று... இரண்டு...

நாணலுக்குள்ளிருந்து கேட்டது. தூரத்திலிருந்து. டக்.

வண்டி அணைந்தது.

ஆஸ்பத்திரிக்கு இன்னும் பன்னிரண்டு கிலோமீட்டர் இருந்தது. குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடினால் இரண்டு மணி நேரம். குழந்தையிடம் இரண்டு மணி நேரம் இல்லை. அது அவனுக்குத் தெரியும், மனைவிக்கும் தெரியும். விசிலின் சுருதி மாறிவிட்டிருந்தது. நடுநடுவே நின்று, மறுபடி பிடித்தது. அந்த இடைவெளியில் இரண்டு பேரும் மூச்சை அடக்கிக்கொண்டார்கள்.

பீப்பு ஸ்டியரிங்கில் தலையை முட்டிக்கொண்டு அழுதான். அழுதது தப்பில்லை. உங்களில் யார் அந்த இடத்தில் இருந்தாலும் அழுவீர்கள், நானும்தான்.

மனைவி அழவில்லை. இருட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் மெதுவாகச் சொன்னாள்.

"அவரு நம்மளைக் கெடுக்கணும்னு பண்ணலைங்க."

"என்னது?"

"வண்டியை அணைக்கணும்னு தட்டலை. ஸ்டார்ட் பண்ணத்தான் தட்டுறாரு. ஸ்டார்ட் ஆயிடுச்சுன்னு அவருக்குத் தெரியலை. இன்னும் அந்தத் தண்டவாளத்து மேலயே இருக்காரு."

பீப்பு நிமிர்ந்தான். நாணலுக்குள் டக்... டக்... டக்...

"சொல்லுங்க. யாராவது அவர்கிட்ட சொன்னாதானே தெரியும்."

அவன் இறங்கினான். செல்போன் வெளிச்சத்தை நீட்டிக்கொண்டு, சத்தம் வந்த திசையில் நாணலை விலக்கிப் போனான். முழங்கால் வரை சேறு. தைல வாசம் மூக்கை அடைத்தது. பட்டன் ஒரு நாணல் தூரில் கிடந்தது. அமுங்கியது, எழுந்தது, அமுங்கியது. எடுத்துத் துடைத்தான். இரண்டு கைகளாலும் பொத்திப் பிடித்துக்கொண்டு திரும்பி வந்தான். கூடவே சேற்றில் இன்னொரு கால் வைக்கும் சத்தம் வந்தது. அவன் திரும்பிப் பார்க்கவில்லை. நீங்களும் பார்த்திருக்க மாட்டீர்கள்.

வண்டியில் ஏறி, பட்டனைத் திரும்பவும் கம்பியோடு சேர்த்து அதன் குழியில் பொருத்தினான். ஏன் அப்படிச் செய்தான் என்று அவனுக்கே தெரியாது. மரியாதையாகக் கேட்க வேண்டும் என்று தோன்றியதாம். பட்டன் மேல் தன் கட்டைவிரலை வைத்தான். வைத்தபோது, அடியில் ஏற்கெனவே ஒரு விரல் இருந்தது. ஜில்லென்று. நடுங்கிக்கொண்டு.

"அண்ணே," என்றான். மறுபடி சொன்னான். "அண்ணே, நான் எலக்ட்ரீஷியன். உங்க வண்டியை நான் ரெடி பண்ணிட்டேன். நீங்களும் நானும் சேர்ந்து ஒரே ஒரு தட்டு. அப்புறம் கையை எடுத்துருங்க. சத்தம் கேக்கும். கேட்டா ஸ்டார்ட் ஆயிடுச்சுன்னு அர்த்தம்."

டக்.

வண்டி உறுமியது.

"கேக்குதா அண்ணே? ஓடுது. தண்டவாளம் இல்லை இது. ரயில் போயிடுச்சு. பாருங்க, ரோடு. வெறும் ரோடு."

விரலுக்கு அடியில் பட்டன் மறுபடி அமுங்கப் பார்த்தது. அவன் பிடித்துக்கொண்டான். அமுக்கம் கூடியது. பட்டன் பாதி இறங்கிவிட்டது. இன்னும் ஒரு நெல்மணி அளவு இறங்கினால் அணைந்துவிடும்.

"உங்க அக்காவையும் கூட்டிட்டுப் போறேன்!" கத்தினான். "நானும் ஆஸ்பத்திரிக்குத்தான் போறேன் அண்ணே. என் பொண்ணுக்கும் மூச்சு முட்டுது, உங்க அக்காவுக்கும் முடியலை. ரெண்டு பேரையும் சேர்த்தே கொண்டு போறேன். டாக்டர்கிட்ட நானே சொல்றேன். என் பொண்ணு மேல சத்தியம். கையை மட்டும் எடுங்க. உங்க காலைப் புடிக்கிறேன், எடுத்துருங்க அண்ணே."

ஒன்றும் நடக்கவில்லை. இன்ஜின் ஓடியது. குழந்தையின் விசில் நின்றது... நின்றது... பிறகு ஒரு கேவலோடு மறுபடி பிடித்தது.

அதைக் கேட்டதாலோ என்னவோ, அந்த விரல் மெதுவாக விலகியது. பட்டன் மேலே எழும்பியது.

பின்பக்கம் வண்டி தணிந்தது. கனமான ஒரு ஆள் ஏறி உட்கார்ந்தால் எப்படித் தணியுமோ, அப்படி. ஸ்பிரிங் கிரீச்சிட்டது. பின்சீட்டில் மனைவி குழந்தையைத் தூக்கிக்கொண்டு, ஓரமாக நகர்ந்து உட்கார்ந்தாள்.

பன்னிரண்டு கிலோமீட்டர். அவன் எப்படி ஓட்டினான் என்று இன்றுவரை அவனுக்குச் சொல்லத் தெரியவில்லை. வலது தோள் மரத்துப் போயிருந்ததாம். ஒரே சீட்டில் இரண்டு பேர் நெருக்கியடித்து உட்கார்ந்த மாதிரி. வண்டி பள்ளத்தில் இறங்கினால் பின்னாலிருந்து ஒரு முனகல். அது குழந்தையுடையது இல்லை.

சின்ன ஆஸ்பத்திரி அது. வாசலில் ஒரு மஞ்சள் விளக்கு. ராத்திரிக்கு ஒரு டாக்டர், ஒரு நர்ஸ். பீப்பு இன்ஜினை அணைக்கவில்லை. அணைக்கப் பட்டனைத் தொட வேண்டுமே. ஓடவிட்டபடியே குதித்து, குழந்தையை வாரிக்கொண்டு உள்ளே ஓடினான். மனைவி பின்னால் ஓடினாள்.

டாக்டர் சின்ன வயசுப் பெண். தூக்கக் கண்ணோடு வந்தவர், குழந்தையைப் பார்த்ததும் தூக்கத்தை உதறினார்.

"எத்தனை மணிக்கு ஆரம்பிச்சது? ஏன் குப்பியைக் காலியாகிற வரைக்கும் விட்டீங்க? அழாதீங்க, நிமிர்த்திப் பிடிங்க. சிஸ்டர், ஆக்சிஜன்."

முகத்தில் ஆக்சிஜன் மூடியை வைத்தார்கள். வெள்ளைப் புகை சீறியது. ஊசி போட்டார்கள். பத்து நிமிடம். பதினைந்து நிமிடம். கழுத்துக் குழி உள்ளே போவது குறைந்தது. உதட்டில் நிறம் திரும்பியது. இருபதாவது நிமிடம் குழந்தை கண்ணைத் திறந்து அப்பாவைத் தேடியது. விசில் நின்று, வெறும் மூச்சு வந்தது. நாமெல்லாம் விடுகிறோமே, யாரும் காது கொடுத்துக் கேட்காத மூச்சு. அது.

பீப்பு சுவரோரம் தரையில் உட்கார்ந்துவிட்டான். முழங்கால் வரை சேறு காய்ந்திருந்தது. வெளியே வண்டி ஓடிக்கொண்டே இருந்தது.

"சொல்லுங்க," என்றாள் மனைவி.

"என்னத்தை?"

"டாக்டர்கிட்ட. சொல்றேன்னு சொன்னீங்கள்ல."

"பைத்தியம்னு நினைப்பாங்கடி. குழந்தை பொழச்சிடுச்சு. அவ்வளவுதான். வண்டியை அப்படியே விட்டுட்டு, விடிஞ்சதும் பஸ்ல போயிடுவோம்."

"யார் மேல சத்தியம் பண்ணீங்க?"

அவன் குழந்தையைப் பார்த்தான். மூடிக்குள் ஆவி படிந்து, விலகி, படிந்தது. எழுந்து போனான்.

"டாக்டர்... வண்டியில இன்னொருத்தங்க இருக்காங்க."

டாக்டருக்குக் கோபம் வந்துவிட்டது. "அரை மணி நேரமா சும்மா உக்காந்திருந்தீங்களே, சொல்ல மாட்டீங்களா? என்ன பண்ணுது அவங்களுக்கு?"

"நெஞ்சு வலி. நடக்க வராது."

அவர் டார்ச்சையும் ஸ்டெதஸ்கோப்பையும் எடுத்துக்கொண்டு வெளியே ஓடினார். பீப்பு அவரோடு போகவில்லை. கண்ணாடிக் கதவுக்கு உள்ளே நின்று பார்த்தான். டாக்டர் பின்கதவைத் திறந்தார். உள் விளக்கு எரிந்தது. சீட் காலி. திரும்பி வந்து நன்றாகத் திட்டப் போகிறார் என்று இவன் தலையைக் குனிந்துகொண்டான்.

அவர் வரவில்லை.

நிமிர்ந்து பார்த்தான். டாக்டர் இன்னும் பின்சீட்டுக்குள் குனிந்திருந்தார். எதையோ பிடித்துக்கொண்டு, கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஸ்டெதஸ்கோப்பைக் காதில் மாட்டினார். நெடுநேரம் அசையவில்லை. டார்ச்சை ஒருமுறை அடித்து, அணைத்தார். அப்புறம் வண்டியைச் சுற்றிக்கொண்டு முன்பக்கம் போனார். டிரைவர் ஜன்னலருகே குனிந்து ஏதோ சொன்னார். தலையை அசைத்தார். இன்னொரு முறை சொன்னார். கையை விரித்தார்.

திரும்பி வந்தபோது அவர் முகத்தில் கோபம் இல்லை. பீப்புவின் தோளில் கை வைத்தார். டாக்டரின் விரல்களில் தைல வாசம் அடித்தது.

"மன்னிச்சிருங்க. அந்த அம்மா போயி ரொம்ப நேரமாச்சு. முன்னாடியே கொண்டு வந்திருந்தா ஏதாவது பண்ணியிருக்கலாம்."

பீப்பு கண்ணாடிக் கதவு வழியாக வண்டியைப் பார்த்தான்.

"அவங்க தம்பிகிட்ட ரெண்டு தடவை சொல்லிட்டேன். காதுலயே வாங்க மாட்டேங்கிறார். இந்த ஆஸ்பத்திரி சரியில்லை, வேற ஆஸ்பத்திரிக்குப் போகலாம்னு சொல்றார்." டாக்டர் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார். "நீங்க போய்ப் பேசுங்க. எலக்ட்ரீஷியன் எங்கே, எலக்ட்ரீஷியனை வரச் சொல்லுங்கன்னு உங்களைத்தான் கூப்பிடுறார்."